நைட்ஸ்டவுன் ஜிம்: 14,000 டாலர் கட்டடச் செலவா, வசூலா?

வடக்குவீதி:
ஒரு அமெரிக்கப் பள்ளியின் கூடைப்பந்து ஜிம் பற்றி வாட்ஸப்பில் ஒரு பதிவு சுத்திக்கிட்டே இருக்கு. இங்கேயும் ரெண்டு பேர் அதைக் கொண்டுவந்து போட்டிருக்காங்க. அப்படியே தர்றேன்:

“அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் நைட்ஸ்டவுன் என்று ஒரு சிற்றூர். 1921-ல் அரசு கைவிரித்துவிட்டதால் ஊர்மக்களே செங்கல் சுமந்து, வெறும் 14,000 டாலர் செலவில் பள்ளிக்கு ஒரு ஜிம் கட்டினார்கள். அந்தத் தரையில் ஆடிப் பழகிய பையன்கள்தான் 1954-ல் மாநிலக் கோப்பையை வென்றார்கள். ஹூசியர்ஸ் படம் அவர்கள் கதைதான்.”

நாலு வரியில் நாலு தப்பு. 1954-ல் ஜெயிச்சது மிலன். அது ரிப்ளி மாவட்டத்து ஊர், நைட்ஸ்டவுன் ஹென்றி மாவட்டம். நைட்ஸ்டவுன் ஜிம்மில் எடுத்த அந்தப் படத்தில் வர்ற ஹிக்கரி கற்பனை ஊர், கதை நடக்கிறது 1951–52 சீசன். செங்கல் யார் சுமந்தான்னு எழுதினவருக்கு எப்படித் தெரியும்? எல்லாத்தையும் விட மோசம் அந்த 14,000. ஊர்க்காரங்களும் கடைக்காரங்களுமா 250-க்கு மேற்பட்டவங்க சேர்ந்து கொடுத்த தொகைதான் 14,000 டாலருக்கு மேல். அது வசூல், கட்டடச் செலவு இல்லை. ரெண்டையும் ஒண்ணாக்கி ஊரெல்லாம் பரப்பியாச்சு.

பழையகோர்ட்:
அந்தப் பதிவை இங்கே போட்ட இருவரில் நானும் ஒருவன். மிலன் விஷயத்தில் பதிவு தவறு, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 14,000-ஐப் பிடித்துக்கொண்டு ஏன் குதிக்கிறீர்கள்? ஜிம் கட்டுவதற்கென்று திரட்டிய பணம் அது. ஜிம் எழுந்தது. அப்படியானால் அந்தப் பணத்தில்தான் எழுந்தது.

வடக்குவீதி:
“அந்தப் பணத்தில்” வேற, “அந்தப் பணத்தில் மட்டும்” வேற. “வெறும் 14,000 டாலர் செலவில்”னு பதிவு சொல்லுது. வெறும்!

கணக்குப்புலி:
இதுக்குப் பதில் கணக்கில்தான் இருக்கு. நைட்ஸ்டவுன் கட்டடத்தின் வரைபடம் கையில் வச்சுக்கிட்டுப் பேசலை. அந்தக் காலத்து சின்ன ஊர் ஜிம் எவ்வளவு பொருள் தின்னும்னு ஒரு மாதிரிக் கணக்கு போடுறேன். வெளி அளவு 90 அடிக்கு 60 அடி. சுவர் உயரம் 20 அடி.

சுற்றளவு 300 அடி. சுவர்ப் பரப்பு 6,000 சதுர அடி. ஜன்னல், வாசலுக்கு ஐந்தில் ஒரு பங்கு கழிச்சா 4,800. அமெரிக்கச் செங்கல்லில் எட்டங்குலச் சுவருக்குச் சதுர அடிக்குச் சுமார் 13 கல். மொத்தம் 62,000-க்கு மேல். டிரஸ், அதாவது கூரையைத் தாங்கற சட்டம், உட்கார்ற இடமெல்லாம் சுவரைத் தடிமனாக்கி பில்லர் எடுக்கணும், அது தனி. ஒரு கல் நாலரை பவுண்டுன்னு வச்சா எடை மட்டும் ஏறக்குறைய 125 டன்.

ஒரு கொத்தனார் நாளைக்கு 800 கல் கட்டினா 78 ஆள்நாள். நாலு கொத்தனார் இருந்தா இருபது நாள், கூடவே கலவை குழைக்கவும் கல் எடுத்துக் கொடுக்கவும் ஆளுக்கு ஒரு சித்தாள். தபால்காரரும் மளிகைக்கடைக்காரரும் தூக்குக்குண்டு பிடிச்சு 20 அடிச் சுவர் எடுக்க முடியாது. எடுத்தா நேரா நிக்காது. சுவர் ஒரு அங்குலம் சாய்ஞ்சா டிரஸ் உட்கார்ற இடம் விலகும்.

இப்போ 14,000-க்கு வருவோம். 90-க்கு 60, அதாவது 5,400 சதுர அடி. சதுர அடிக்கு 2 டாலர் 59 சென்ட். இந்தக் காசுக்குள் அஸ்திவாரம், சுவர், டிரஸ், கூரை, மேப்பிள் தரை, வெப்பக் குழாய், மின்சாரம், உட்காரும் படி எல்லாம் அடங்கினதா? பதிவு போட்டவர் பதில் சொல்லணும்.

பழையகோர்ட்:
1921 எப்படிப்பட்ட ஆண்டு என்று தெரிந்துதான் கேட்கிறீர்களா? 1920-ல் உச்சத்துக்குப் போன மொத்த விலைகள் 1921-ல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தன. வேலையில்லாமல் ஆட்கள் நின்ற வருடம் அது. 2 டாலர் 59 சென்ட் உங்கள் காலத்துக் கண்ணுக்குத்தான் சின்னத் தொகை. அன்றைய 14,000 இன்றைக்குச் சுமார் 2.4 லட்சம் டாலர்.

கணக்குப்புலி:
2.4 லட்சம்கிறது சாப்பாட்டு விலை, துணி விலை, வீட்டு வாடகை வச்சுப் போட்ட பொதுக் கணக்கு. கட்டட வேலைக்கு அது பொருந்தாது. இது பழையகோர்ட் வழக்கமாச் செய்யறதுதான். போன மாசம் இண்டியானாபொலிஸ் ஹிங்கிள் அரங்கம் பற்றிய இழையிலும் இதே மாதிரி ஒரு பெருக்கலைப் போட்டுட்டுக் காணாமப் போயிட்டார்.

பழையகோர்ட்:
காணாமல் போகவில்லை. ஹிங்கிளை 1928-ல் கட்டியது 41 வணிகர்கள் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி, அது பங்குப் பணம் என்று எழுதினேன். நீங்கள் அதைப் படிக்காமல் கூரைக்குப் போய்விட்டீர்கள்.

மேப்பிள்தரை:
நடுவில் ஒரு விஷயம். கணக்குப்புலி தரையை ஒரே சொல்லில் தாண்டிட்டார். செலவில் தரைக்கும் பங்கு இருக்கு.

பள்ளிக்கூட ஆட்டத்துக்கான முழுக் கோர்ட் 84-க்கு 50 அடி, 4,200 சதுர அடி. பழைய கூடங்கள் பலதிலும் இதைவிடச் சின்னதுதான் கிடைச்சது. இருந்தாலும் இதையே வச்சுக்குவோம். இரண்டேகால் அங்குல முகம் உள்ள மேப்பிள் பட்டையை வாங்கும்போது மூணு அங்குலக் கணக்கில்தான் விலை போடுவாங்க, பட்டைகள் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்க ஓரத்தில் வெட்டுற நாக்குக்கும் காடிக்கும் போற மரத்துக்கும் சேர்த்து. அதனால மூன்றில் ஒரு பங்கு கூட்டணும், 5,600 ஆச்சு. வெட்டுச் சேதம் ஐந்து சதவீதம் சேர்த்தா கிட்டத்தட்ட 5,900 போர்டு அடி (ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அங்குலத் தடிமன் மரம் ஒரு போர்டு அடி). பட்டைகளை வரிசையா நீட்டினா 22,400 அடி. அடிக்கு ஒரு ஆணின்னாலும் 22,400 ஆணி, ஒவ்வொண்ணும் நாக்கின் மேல் சாய்வா அடிக்கணும், தலை வெளியே தெரியக் கூடாது. கீழே ரீப்பர் கட்டை அடிக்கு ஒண்ணுன்னு 85 வரிசை, ஒவ்வொண்ணும் 50 அடி.

இதில் ஊர்க்காரங்க எதைச் செய்ய முடியும்னா, மரம் இறக்கலாம், அடுக்கலாம், ரீப்பர் நிரத்தலாம். பட்டை அடிக்கிறது தச்சன் வேலை. ஒரு வரிசை கோணினா அடுத்த நூறு வரிசையும் கோணும்.

வடக்குவீதி:
அதான் நானும் சொல்றேன். செங்கல் சுமந்தாங்க, தங்கள் கையால் கட்டினாங்கங்கிறது சினிமா வசனம்.

ஊர்ச்சாவடி:
எனக்கு ஒண்ணு புரியலை. நம்ம ஊரில் தலைக்கட்டு வரி போட்டுக் கோயில் எழுப்பினா “ஊர் கட்டின கோயில்”னுதான் சொல்றோம். ஸ்தபதி கட்டின கோயில்னு சொல்றதில்லை. 250 பேர் மொய் எழுதின மாதிரி எழுதிக் கொடுத்திருக்காங்க. அது ஊர் கட்டினதுதான். கொத்தனார் யாருன்னு கேட்கிறவங்களுக்கு ஊர்னா என்னன்னே தெரியலை.

வடக்குவீதி:
யாரும் ஊரைக் குறை சொல்லலை சார். தலைக்கட்டு வரி எல்லாருக்கும் கட்டாயம். இது மனமுவந்து கொடுத்தது. ஒப்பிடத் தெரியலைன்னா விட்டுடுங்க. என் கேள்வி 14,000 பற்றி மட்டும்.

ஊர்ச்சாவடி:
நன்கொடைன்னா இன்னும் பெருமைதானே? உங்களுக்கு யாராவது நல்லது செஞ்சாங்கன்னு எழுதினாலே பொறுக்காது. நூலகக் கட்டட இழையிலும் இதே புலம்பல்தான்.

சொல்லாய்வு:
முதலில் “ஜிம்” என்று எழுதுவதை நிறுத்துங்கள். படிப்பவர்கள் டம்பல் தூக்கும் இடம் என்று நினைப்பார்கள். உடற்பயிற்சிக்கூடம் என்றாலும் அதே குழப்பம். பார்வையாளர் படிகளோடு கூடைப்பந்து ஆடும் இடம் இது. “உள்ளரங்கு” என்பதே சரி.

மேப்பிள்தரை:
உள்ளரங்குன்னா கல்யாண மண்டபம்னு நினைப்பாங்க. ஜிம்னே இருக்கட்டும்.

சொல்லாய்வு:
கல்யாண மண்டபத்தை யாரும் உள்ளரங்கு என்று சொன்னதில்லை. ஆதாரம் கொடுங்கள்.

கணக்குப்புலி:
சொல் சண்டையை வேற இழைக்குக் கொண்டு போங்க. 14,000-க்குப் பதில் இன்னும் வரலை.

ஊராரின் உழைப்பையும் கணக்குப் போட்டே பார்ப்போம். தோண்டுறதை ஊர்க்காரங்க செய்யலாம், ஒத்துக்கறேன். 90-க்கு 60 இடத்தை நாலடி ஆழம் எடுத்தா 21,600 கன அடி, அதாவது 800 கன கஜம். மண்வெட்டி பிடிச்ச ஒருத்தர் சாதாரண மண்ணில் நாளைக்கு 6 கன கஜம் தோண்டினா 133 ஆள்நாள். குதிரை கட்டின மண்வாரி இருந்தா இதில் பாதிக்கும் கீழே வரும். விவசாய ஊர், குதிரைக்குப் பஞ்சமில்லை. ஆக, இலவச உழைப்பு மிச்சப்படுத்துறது மண் வேலையும் சுமை வேலையும் மட்டும். கட்டடச் செலவில் அது சின்னப் பங்கு. டிரஸ்ஸை யாரும் இலவசமாச் செஞ்சு தர மாட்டாங்க.

டிரஸ்ஸில்தான் விஷயமே இருக்கு. நடுவில் தூண் வைக்க முடியாது, ஆட்டம் நடக்கணும். அந்தக் காலத்தில் ஐம்பது அறுபது அடி தாண்ட மலிவான வழி வில் மாதிரி வளைச்ச மர டிரஸ். மேல் மரம் அமுங்கும், கீழ் மரம் இழுபடும். ஒரே நீளத்தில் 60 அடி மரம் கிடைக்காததால கீழ் மரத்தைத் துண்டு துண்டா போல்ட் போட்டு இணைச்சாங்க. பிழை வர்ற இடம் அதுதான். பின்னாளில் முழு அளவு மரத்தைச் சோதிச்சுப் பார்த்தப்போதான் மரத்தின் இழுவலிமையை அதுவரைக்கும் அதிகமா மதிப்பிட்டிருந்தது தெரிய வந்துச்சு, அறுபதுகளின் கடைசியில்தான் அனுமதி அளவைக் குறைச்சாங்க. பழைய வில் டிரஸ் பலதும் பனிச்சுமையில் கீழ் மர இணைப்பில்தான் பிய்ஞ்சது. ரெண்டாவது பலவீனம் சுவர் மேல் உட்காரும் முனை. கூரைத் தண்ணி அங்கே இறங்கி மரம் உளுத்துப் போகும், வெளியே பார்த்தா தெரியாது.

இப்படி ஒரு வேலையைப் பொறியாளர் வரைபடம் இல்லாம, ஒப்பந்தக்காரர் இல்லாம, “ஊர்மக்களே” செஞ்சாங்கன்னு எழுதறது அந்தத் தொழிலாளிகளுக்குச் செய்யற அநியாயம்.

பழையகோர்ட்:
நைட்ஸ்டவுனில் வில் டிரஸ் என்று உங்களுக்கு யார் சொன்னது?

கணக்குப்புலி:
மாதிரிக் கணக்குன்னு முதல் பதிவிலேயே சொல்லியாச்சு. படிங்க.

பழையகோர்ட்:
மாதிரியை வைத்துக்கொண்டு உண்மையான ஊரைப் பொய்யாக்குகிறீர்கள். உங்கள் 90-க்கு 60-ம் நீங்களே வைத்த அளவு. 2 டாலர் 59 சென்ட் அதிலிருந்து வந்தது. அளவை 80-க்கு 50 என்று மாற்றினால் சதுர அடிக்கு 3 டாலர் 50 சென்ட் ஆகிறது. அப்போது 14,000 போதும் என்பீர்களா?

இன்னொன்றும் யாரும் சொல்லவில்லை. ஊர் ஏன் வசூலில் இறங்க வேண்டியிருந்தது? இண்டியானா அரசியலமைப்பில் 1881-லிருந்தே ஒரு விதி உண்டு. உள்ளாட்சி அமைப்பு எதுவும் தன் எல்லைக்குள் உள்ள சொத்து மதிப்பில் 2 சதவீதத்துக்கு மேல் கடன் வாங்கக் கூடாது. பள்ளிக்கும் அதே விதிதான். வகுப்பறை கட்டவே அந்த 2 சதவீதம் தீர்ந்துவிடும் ஊர்களில் ஜிம்முக்கு எங்கே போவது? கூடைப்பந்து 1911-ல் மாநிலப் போட்டியாகி, பத்தே வருடத்தில் ஊருக்கு ஊர் வெறியாகிவிட்டது. ஆட்டங்கள் தேவாலய அடித்தளத்திலும் கடைமாடியிலும் நடந்தன. தாழ்ந்த கூரை, நடுவில் தூண், எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே சுவர். ஆகவே சில ஊர்கள் பங்கு விற்றன, சில ஊர்கள் நன்கொடை திரட்டின, சில ஊர்களில் தனிக் கம்பெனி கட்டி வாடகைக்கு விட்டது. மார்ட்டின்ஸ்வில் 1924-ல் திறந்த ஜிம்மில் ஊரின் மக்கள்தொகையைவிட இருக்கைகள் அதிகம். பின்னாளில் பெயர்பெற்ற பயிற்சியாளரான ஜான் வுடன் ஆடி 1927-ல் மாநிலக் கோப்பை வென்ற பள்ளி அது. இந்தப் பின்னணி தெரியாதவர்கள் 14,000-ஐக் கேலி செய்கிறீர்கள்.

வடக்குவீதி:
நீங்களே இப்போ “நன்கொடை திரட்டின”னு எழுதிட்டீங்க. வசூல்னு ஒத்துக்கிட்ட மாதிரிதான்.

பழையகோர்ட்:
வசூல் என்பதை நான் எப்போது மறுத்தேன்? வசூல்தான் செலவு என்கிறேன்.

வடக்குவீதி:
செலவுக் கணக்கு எங்கே?

பழையகோர்ட்:
வசூலுக்கு மேல் செலவானதற்கு உங்களிடம் கணக்கு எங்கே?

ஹென்றிமாவட்டம்:
நைட்ஸ்டவுனைப் பெருசாப் பேசறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அதே ஹென்றி மாவட்டத்தில் நியூ காசில் இருக்கு. 1959-ல் திறந்த அரங்கம், உலகத்திலேயே பெரிய உயர்நிலைப்பள்ளி ஜிம். ஆரம்பத்தில் 9,325 இருக்கை. மாநிலக் கூடைப்பந்து அருங்காட்சியகமும் அங்கேதான். சினிமா எடுத்ததால மட்டும் நைட்ஸ்டவுனுக்கு இவ்வளவு பேர்.

பழையகோர்ட்:
பெரியது என்பதா இங்கே கேள்வி? நைட்ஸ்டவுன் ஜிம் 1921-லிருந்து 1966 வரை பள்ளியின் ஆட்டக்கூடமாக இருந்தது. படப்பிடிப்புக்கு 1985-ல் இடம் தேடி வந்தபோது அது நின்றுகொண்டிருந்தது. அருகிலேயே 1876-ல் எழுந்த அகாடமிக் கட்டடம், ஒரு கோபுரத்தில் பூகோள உருண்டை, மற்றதில் தொலைநோக்கி. அந்த வளாகத்தைப் பார்த்தாலே அந்த ஊர் படிப்புக்கு என்ன கொடுத்தது என்று தெரியும்.

ஹென்றிமாவட்டம்:
படத்தில் ஹிக்கரி ஊராக் காட்டினதை எடுத்தது நியூ ரிச்மண்டில், பள்ளிக்கூடத்தை நினவாவில், கடைசி ஆட்டத்தை ஹிங்கிளில். நைட்ஸ்டவுனில் எடுத்தது ஜிம் மட்டும்தான். படத்தில் கடைசி ஸ்கோர் 42–40. மிலன் நிஜத்தில் ஜெயிச்சது 32–30. இதையும் பதிவு எழுதினவர் குழப்பியிருப்பார்.

வடக்குவீதி:
ஸ்கோரைப் பற்றிப் பதிவில் ஒரு வார்த்தை இல்லை. இல்லாததைத் திருத்தாதீங்க, இருக்கிற 14,000-ஐத் திருத்துங்க.

மேப்பிள்தரை:
1966-க்கு அப்புறம் பள்ளி ஆட்டம் இல்லைன்னா தரையை யார் பார்த்துக்கிட்டாங்கங்கிறதுதான் எனக்குப் பெரிய விஷயம். கட்டுறதுக்குக் கொடுத்த காசைப் பற்றி நூறு பதிவு, காப்பாத்தினதைப் பற்றி ஒண்ணுகூட இல்லை.

மேப்பிளுக்கு ஈரப்பதம் 6-லிருந்து 9 சதவீதத்துக்குள் இருக்கணும், அறைக் காற்றின் ஈரம் 35-லிருந்து 50-க்குள். வெப்பம் போடாம மூடி வச்ச கட்டடத்தில் கோடை ஈரத்தில் பலகை உப்பும். அதனாலதான் சுத்திலும் சுவரோரம் இரண்டங்குலம் இடைவெளி விட்டு அதை மூடிப் பட்டை அடிக்கிறது. அந்த இடைவெளியில் யாராவது சிமென்ட்டோ மரத்துண்டோ அடைச்சா தரைக்கு விரிய இடம் கிடைக்காது, நடுவில் கூடாரம் மாதிரி எழும்பும். குளிர்காலத்தில் திடீர்னு வெப்பம் போட்டா நேர்மாறா பலகைகளுக்கு நடுவில் நாணயம் நுழையும் அளவுக்குச் சந்து விழும்.

கூரை ஒழுகினா அடிப்பக்கம் ஈரமாகி ஓரம் தூக்கி நடு குழியும். பலரும் செய்யற தப்பு, உடனே இயந்திரம் போட்டு ஓரத்தைத் தேய்ச்சு மட்டமாக்கிடுறது. அப்புறம் அடி காய்ஞ்சதும் ஓரம் இறங்கும், நடு மேடாகும். காயவிட்டு, ஈரமானியில் மேலும் கீழும் ஒரே அளவு வந்த பிறகுதான் கை வைக்கணும். முதலில் 36-ம் எண் உப்புத்தாள், அப்புறம் 60, கடைசியா 100. ரெண்டு பூச்சு சீலர், கோடு போடறது, மேலே ரெண்டு பூச்சு. நாக்குக்கு மேலே இருக்கிற மரம் கால் அங்குலம்தான். ஒவ்வொரு முழுத் தேய்ப்பிலும் அதில் கொஞ்சம் போயிடும், ஆணித்தலை தெரிஞ்சா தரை முடிஞ்சது. அதனாலதான் வருஷா வருஷம் மேற்பூச்சை மட்டும் லேசா உரசிட்டு ஒரு கை புதுசாப் பூசறது.

கணக்குப்புலி:
நல்ல தகவல். ஆனா இது 14,000-க்குப் பதில் இல்லை.

மேப்பிள்தரை:
உங்களுக்கு அந்த எண்ணைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. நூறு வருஷம் ஒரு ஊர் அந்த இடத்தை இடிக்காம வச்சிருக்கே, அதுதான் வேலை.

ஊர்ச்சாவடி:
சரியாச் சொன்னீங்க. 1959 சட்டம் வந்து சின்னப் பள்ளிகளை எல்லாம் இணைச்சு மூடினதும் எத்தனை ஊரில் ஜிம் கிடங்காச்சு, இடிஞ்சு போச்சு. இந்த ஊர் அதைச் சமூகக் கூடமா இன்னிக்கும் திறந்து வச்சிருக்கு. அப்பவும் ஊர்தான், இப்பவும் ஊர்தான்.

சொல்லாய்வு:
“சமூகக் கூடம்” என்று இப்போது எழுதுகிறீர்கள். அப்படியானால் “ஜிம்” தேவையில்லை என்று ஆகிறது.

ஊர்ச்சாவடி:
ஐயா, உங்களை யாரும் கூப்பிடலை.

கணக்குப்புலி:
ஊர்ச்சாவடி உணர்ச்சியாப் பேசறார், எண்ணைத் தொட மாட்டேங்கிறார். மூணு வாய்ப்புதான் இருக்கு. ஒண்ணு, 14,000 முழுச் செலவு. ரெண்டு, 14,000 வசூல், மீதி பள்ளி வாரியமோ கடனோ போட்டது. மூணு, 14,000-க்குக் கட்டடத்தின் வெளிக்கூடு மட்டும் எழுந்து, படியும் வெப்பக் குழாயும் பிறகு டிக்கெட் வசூலில் வந்தது. பதிவு எழுதினவர் முதலாவதைப் பிடிச்சிட்டார். ஏன்னு கேட்டா மிலனுக்கும் தேவாலய அடித்தளத்துக்கும் ஓடறாங்க. 62,000 செங்கல், 5,900 போர்டு அடி மேப்பிள், 22,400 ஆணி. இதை வச்சுக்கிட்டு 14,000-க்குள் அடக்கிக் காட்டுங்க.

பழையகோர்ட்:
உங்கள் செங்கல், அவருடைய மேப்பிள், இல்லாத வரைபடம். இதில் எந்தப் பொருளுக்கும் 1921 விலை ஒன்றைக்கூட நீங்கள் போடவில்லை. விலை இல்லாத பட்டியலை நீட்டி 14,000 போதாது என்கிறீர்கள். முதலில் ஆயிரம் செங்கல் என்ன விலை என்று எழுதுங்கள்.

கணக்குப்புலி:
“வெறும்”னு எழுதினது நான் இல்லை. எழுதினவர் விலை போடட்டும்.

வடக்குவீதி:
பழையகோர்ட், அந்தப் பதிவை நீங்க போட்ட இடத்தில் மிலன் வரியாவது திருத்தினீங்களா? இப்பதான் பார்த்துட்டு வர்றேன். அப்படியே கிடக்கு. “வெறும் 14,000”மும் அப்படியே கிடக்கு.

பழையகோர்ட்:
மிலன் வரியை மாற்றுகிறேன். 14,000-ஐத் தொடமாட்டேன்.